வாக்குப் பெற்றவர் வாக்களியாமை

‘அரசியல்’ என்னுஞ் சொல் செவியில் விழுந்த அளவிலே முகஞ் சுளிப்போர் இக்காலத்து யாண்டும் மலிந்துள்ளனர். நம் விடுதியின் உணவுச்சாலையிலும் அவர்க்குக் குறைவில்லை. “யார் ஆண்டால் நமக்கென்ன?” என்று ஒருவர் தொடங்கின், “எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்” என்று மற்றொருவர் முடித்துவைப்பர். இவ்வுரை சோம்பலினின்றும் எழுகின்றதோ, உலகியல் அறிவினின்றும் எழுகின்றதோ, புண்பட்ட நெஞ்சினின்றும் எழுகின்றதோ என்று பிரித்தறிதல் எளிதன்று. மூன்றும் ஒரே சொற்களைப் பேசுகின்றன. ஆகலின், பொதுப்பட ஆராய்வதை விடுத்து, ஒரு நாட்டின் வரலாற்றைக் கைக்கொண்டு இதனை நோக்குதல் நலமென எண்ணி, தென்னாப்பிரிக்காவை ஈண்டு எடுத்துக்கொண்டோம். வாக்குரிமையை அந்நாட்டார் போல் அத்துணை விலை கொடுத்துப் பெற்றவர் அண்மைக்காலத்தில் அரியர். பெற்ற அவ்வுரிமையின்மேல் ஒரு தலைமுறைக்குள் அவர்போல் மனங் கசந்தவரும் அரியர். அன்றியும், அந்நாட்டு வரலாற்றில் நம் தமிழ் மக்களும் பங்குடையர். அப்பங்கு முற்றும் பெருமைக்குரியதன்று என்பதனையும் பின்னர்க் காண்போம்.

1994-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26 முதல் 29 வரை அந்நாட்டில் நிகழ்ந்த தேர்தலே எல்லா இனத்தாரும் ஒப்ப வாக்களித்த முதல் தேர்தலாகும். வாக்குச் சாவடிகளின் முன் மக்கள் கல் கணக்கில் வரிசையிட்டு நின்றனர். வெயிலேறியும் வரிசை கலையவில்லை. நடக்கவியலாத முதியோரைச் சுமந்து வந்து நிறுத்தினர். வீட்டு எசமானியும் அவ்வீட்டில் பாத்திரந் தேய்த்தவளும் ஒருவர் பின் ஒருவராக நின்றதை அந்நாளைச் செய்தித்தாள்கள் வியந்தெழுதின. இருபத்தேழு ஆண்டு சிறையிருந்த நெல்சன் மண்டேலா, தம் எழுபத்தைந்தாம் அகவையில், டர்பன் நகரை அடுத்த இனாண்டாவிலுள்ள ஓலாங்கே என்னும் பள்ளியில் வாழ்நாளின் முதல் வாக்கை இட்டார். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவிய பள்ளி அது. அவர் கல்லறையும் ஆண்டே உளது. தலைமகன் முதல்வனுக்குக் கணக்கு ஒப்புவிக்க வந்ததுபோல் இருந்தது அக்காட்சி. இனாண்டா என்னும் இப்பெயரை நேயர்கள் நினைவில் இருத்துக; மீண்டும் அவ்விடத்துக்கு வருவோம்.

அத்தேர்தலில் வாக்களித்தோர் ஏறக்குறைய 1 கோடி 95 இலட்சம் பேர். முப்பதாண்டு கழிந்து, 2024-ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் வாக்களித்தோர் 1 கோடி 60 இலட்சத்துக்குச் சற்றே மிகுந்தவர். இடைக்காலத்தில் குடித்தொகை குறைந்ததோ எனின், அன்று. 1996-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 4 கோடியாக இருந்த மக்கள் 2022-இல் 6 கோடியே 20 இலட்சமாயினர். வாக்களிக்கும் அகவை எய்தியோர் 4 கோடிக்கும் மேற்பட்டவர். அவருள் பட்டியலிற் பெயர் பதிந்தோர் 2 கோடி 77 இலட்சம். பதிந்தோருள்ளும் நூற்றுக்கு 58 பேரே சாவடிக்குச் சென்றனர். மக்கள் பெருக, வாக்கு அருகிற்று. இஃது எங்ஙனம் நேர்ந்தது?

விடை காணுமுன் அவ்வரிசை எதன்பொருட்டு நின்றது என்பதனைச் சிறிது அறிதல் வேண்டும். இனப்பிரிவினை ஆட்சியின் கொடுமைகள் பலரும் அறிந்தவையாதலின் விரித்திலம். 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் நாட்டு நிலத்தில் நூற்றுக்கு 7 பங்கையே பெரும்பான்மையினரான கறுப்பினத்தார்க்கு ஒதுக்கியதும், 1936-இல் அஃது ஏறக்குறைய 13 ஆக்கப்பட்டதும், 1950-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒவ்வொருவரையும் இன்ன இனத்தார் என்று முத்திரையிட்டு, இன்னார் இன்ன இடத்திற்றான் குடியிருத்தல் வேண்டும் என்று வரையறுத்ததும் முதன்மையானவை. வாக்கின்மை என்பது அம்மக்களுக்கு ஒரு நாளின் குறையன்று. நிலமின்மை, வீடின்மை, வழிநடக்கும் உரிமையின்மை ஆகிய எல்லாவற்றின் வேராக அஃது இருந்தது. ஆகவே, வாக்கு வந்தால் ஏனையவும் உடன் வரும் என அவர் நம்பினர். இந்நம்பிக்கையைப் பேதைமை என்று கூறுதல் பொருந்தாது. வேர் வெட்டுண்டால் மரம் வீழும் என எண்ணுதல் இயல்பேயன்றோ?

தமிழர் இவ்வரலாற்றுட் புகுந்தது 1860-ஆம் ஆண்டு. சென்னைத் துறைமுகத்தினின்றும் புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் மரக்கலம் அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1911 வரையில் இவ்வாறு ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் ஒன்றரை இலட்சம் பேர். அவருட் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். கரும்புத் தோட்டங்களில் உழன்ற அவர்தம் வழித்தோன்றல்களுக்கு 1896-இல் நேட்டால் சட்டசபை வாக்குரிமையை மறுத்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி இறுத்தல் வேண்டும் என்றும் விதித்தது. அவ்வரியை எதிர்த்தும் இந்தியர் திருமணங்கள் செல்லா என்ற தீர்ப்பை எதிர்த்தும் 1913-இல் எழுந்த போராட்டத்திற் சிறைபுகுந்து, நோயுற்று வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர்நீத்த வள்ளியம்மையின் அகவை பதினாறு. தில்லையாடி வள்ளியம்மை என்று நாம் அழைக்கும் அச்சிறுமி பிறந்தது ஜோஹானஸ்பர்க்கில். தில்லையாடியை அவள் கண்ணாற் கண்டவளல்லள்.

இவர் வழிவந்தோரை எழுபதாண்டு கழித்து அரசு ஒரு சோதனைக்கு உட்படுத்திற்று. இதனைச் சற்று விரித்துரைப்போம். வாக்களியாமை என்பதற்கு இருவேறு பொருள் உண்டென்பதை இந்நிகழ்ச்சி தெளிவுறுத்தும். 1983-இல் வெள்ளையராட்சி ஒரு புதிய அரசியலமைப்பை வகுத்தது. பாராளுமன்றம் மூன்று மன்றங்களாயிற்று: வெள்ளையர்க்கு 178 இடம், கலப்பினத்தார்க்கு 85, இந்தியர்க்கு 45. கறுப்பினத்தார்க்கு ஓரிடமும் இல்லை. கணக்கை நோக்கின் சூழ்ச்சி விளங்கும். ஏனைய இரு மன்றங்களும் ஒன்றுபட்டாலும் முதன் மன்றத்தை வெல்லல் ஆகாது. ஆனால் இந்தியரும் கலப்பினத்தாரும் ஆளுவோர் பக்கம் சேர்ந்துவிட்டனர் என்று உலகுக்குக் காட்டலாம். தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட வாக்குச்சீட்டு இந்தியர் வீட்டு வாயிலுக்கே வந்து நின்றது. 1984 ஆகஸ்டு மாதத் தேர்தலில் அவர் செய்தது யாது? பதிந்த இந்தியருள் ஐவரில் ஒருவரே வாக்களித்தனர். நால்வர் வீட்டிலிருந்தனர். சோம்பலால் அன்று, “எம் அயலானுக்கு இல்லாதது எமக்கு வேண்டா” என்று இருந்தனர். அந்நாளைய மறுப்பு அரசை நடுங்கச் செய்தது. நாட்டில் வாக்களியாதவரை எண்ணி மகிழ்ந்த நாள் அது.

2024-இல் வாக்களியாதவரும் எண்ணிக்கையிற் பெரியரே. ஆனால் அவர் மறுப்பு யாரையும் நடுங்கச் செய்ததாகத் தெரியவில்லை. வேறுபாடு எங்குளது?

நிற்க. 1994-க்குப் பின் ஒன்றுமே நடைபெறவில்லை என்று கூறுவோர் மெய் கூறாதவராவர். முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அரசுச் செலவிற் கட்டித் தரப்பட்டன. 1996-இல் நூறு வீட்டில் 58 வீடுகளே மின்விளக்கு உடையன. 2022-இல் 94 வீடுகள் உடையன. 1998 முதல் ஏழைக் குழந்தைகளுக்கு மாத உதவித்தொகை வழங்கப்படுகின்றது. உலகோர் போற்றும் அரசியலமைப்புச் சட்டம் 1996-இல் நிறைவேறிற்று. சுதந்திரமான நீதிமன்றங்கள் அரசையே தடுத்து நிறுத்தியதும் உண்டு. இவை சிறியன அல்ல. சேற்று வழியிற் குடம் சுமந்தவளுக்கு முற்றத்துக் குழாய் எத்தகையது என்பதனை விடுதியில் வாழும் நாம் எளிதில் உணரோம்.

எனினும், வேர் எது என்று அம்மக்கள் கருதினரோ அதனோடு மரம் வீழவில்லை. ஐந்தாண்டுக்குள் வேளாண் நிலத்தில் நூற்றுக்கு 30 பங்கைக் கைமாற்றுவோம் என்று கூறப்பட்டது. காலம் பதினைந்தாண்டு தள்ளப்பட்டும் நிறைவேறவில்லை. தனியார் பெயரிலுள்ள விளைநிலத்தில் நூற்றுக்கு 72 பங்கு வெள்ளையர் கையில் இருப்பதாக 2017-இல் அரசே வெளியிட்ட கணக்குக் கூறிற்று. அவர் தொகையோ நூற்றுக்குப் பத்தினும் குறைவு. நாட்டுச் செல்வத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேற்பட்டது மேல்தட்டில் உள்ள பத்திலொரு பங்கினரிடம் குவிந்துளது. வருவாய் ஏற்றத்தாழ்வில் அளவிடப்பட்ட நாடுகளுள் இதுவே முதலாவது என்று உலக வங்கி கூறுகின்றது. வேலை தேடுவோரில் மூவரில் ஒருவர்க்கு வேலையில்லை. இருபத்துநான்கு அகவைக்கு உட்பட்ட இளைஞருள் ஐவரில் மூவர்க்கு இல்லை.

இவ்வளவுக்கும் ஆளுவோரின் களவே காரணம் என்பர் பலர். களவு உண்டு, அதனைப் பின்னர்க் கூறுவோம். ஆனால் களவு தொடங்குமுன்னரே, உடன்படிக்கையினுள்ளேயே ஒரு குறை இருந்ததென்பது எம் கருத்து. உள்நாட்டுப் போர் மூளாமல் ஆட்சி கைமாறுதற்பொருட்டு, அரசியல் அதிகாரம் பெரும்பான்மையோர்க்கும், உள்ள சொத்து உள்ளவர்க்கும் என்னும் ஒரு பிரிவினை ஏற்கப்பட்டது. இரத்தஞ் சிந்தாமை பெரும்பேறு. அதனை இகழ்வார் யார்? ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர் யாவர் என்று வினவுதல் தகும். பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் தலைமையில் அமைந்த உண்மை, ஒப்புரவுக் கமிஷன், உற்றதை உள்ளவாறு ஒப்புக்கொண்ட கொடியவர்க்கு மன்னிப்பு வழங்க அதிகாரம் பெற்றிருந்தது. துன்புற்றோர்க்கு ஈடு தருமாறு பரிந்துரைக்கவே அதிகாரம் பெற்றிருந்தது. மன்னிப்பு உடனே கிடைத்தது. ஈடு 2003-இல், ஆளுக்கு ஒருமுறை 30,000 ராண்டு என்று வந்தது; கமிஷன் கேட்டது அதனினும் மிகுதி. செல்வர்மேல் தனி வரி விதிக்கலாம் என்ற அதன் யோசனையோ ஏட்டளவில் நின்றது. மகனை இழந்த தாய் பொது அவையில் அழுதாள். உலகம் அவளுடன் அழுதது. பின்னர் அவள் அதே தகரக் கூரைக்குத் திரும்பினாள். ஒப்புரவு என்னுஞ் சொல்லை நாடோறும் கேட்கும் எம்போன்ற கிறிஸ்தவ மாணாக்கர் இவ்விடத்தைக் கடந்து செல்லுமுன் சற்றே நிற்றல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.

இனி, மக்கட்கும் பிரதிநிதிகட்கும் இடையே கயிறு அறுந்த விதத்தைக் கூறுவாம். இது நூல்களிற் குறைவாகவே பேசப்படுகின்றது. நம் நாட்டில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் உறுப்பினர் உளர். அவர் நல்லவரோ அல்லரோ, பெயர் தெரியும், வீடு தெரியும், வீதியில் வழிமறிக்கவும் கூடும். தென்னாப்பிரிக்காவிலோ 1994 முதல் வேறொரு முறை. தேசிய சபையின் 400 இடங்களுக்கும் தொகுதிகள் இல்லை. வாக்காளர் ஆளுக்கு வாக்களிப்பதில்லை, கட்சிக்கு வாக்களிப்பர். கட்சி பெற்ற வாக்கின் வீதப்படி, அது முன்னரே வரிசைப்படுத்திய பெயர்ப் பட்டியலினின்றும் உறுப்பினர் செல்வர். இம்முறை தீய நோக்கத்தோடு வகுக்கப்பட்டதன்று. பல இனமும் பல மொழியும் பகையுணர்வும் நிறைந்த நாட்டில், எச்சிறு கூட்டத்தாரும் தம் வாக்கு வீணாயிற்று என்று எண்ணாதிருத்தற்கு அதுவே தக்கதென அன்று கருதப்பட்டது. அந்நோக்கம் நிறைவேறவும் செய்தது. ஆனால் விளைவு வேறொன்றும் உண்டாயிற்று. உறுப்பினரின் வாழ்வு பட்டியலிற் பெயர் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதைப் பற்றிற்று. பட்டியலை எழுதுவோர் கட்சித் தலைவர். ஆகவே உறுப்பினரின் கண் தலைவரையே நோக்கிற்று. தலைவரை எதிர்த்து வாக்களிப்பவர் அடுத்த பட்டியலில் இல்லாமற் போவர். வீதியில் குழாய் வறண்டவள் யாரை வழிமறிப்பாள்?

2003-இல் அரசே அமைத்த ஆய்வுக்குழுவின் பெரும்பான்மையினர் தொகுதிமுறையையும் ஓரளவு கலத்தல் வேண்டும் என்றனர். ஏற்கப்படவில்லை. 2020 ஜூன் மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம், கட்சிசாராத ஒருவரும் தேர்தலில் நிற்க வழி செய்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி 2024-இல் சிலர் நின்றனர். அவருள் ஒருவரும் தேசிய சபைக்குச் சென்றிலர். கதவு திறந்தது, படிக்கட்டு இல்லை.

இவ்வாறு கயிறு அறுந்த இடத்திலேதான் களவு வளர்ந்தது. 2012 ஆகஸ்டு 16-ஆம் நாள் மாரிக்கானாவில், மாதம் 12,500 ராண்டு கூலி வேண்டிய பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளருள் 34 பேரைப் போலீஸார் சுட்டுக் கொன்றனர். அதற்கு முந்திய சில நாட்களில் போலீஸார் இருவர் உட்பட்ட பதின்மர் மாண்டிருந்தனர் என்பதையும் சொல்லல் வேண்டும். 1960-இல் ஷார்ப்வில்லில் 69 பேரைச் சுட்ட அரசு அந்நியர் அரசு. இவ்வரசு அவர்களே வாக்களித்து அமைத்தது. உத்தரப் பிரதேசத்தினின்றும் சென்ற ஒரு வணிகக் குடும்பத்தார் அமைச்சர்களையே நியமிக்கும் அளவுக்கு அதிபரின் நிழலில் வளர்ந்தனர் என்ற குற்றச்சாட்டும், அதிபர் 2018-இல் பதவி விலகியதும், நீதிபதி சோண்டோவின் கமிஷன் நான்காண்டு விசாரித்துப் பல பகுதிகளாக அறிக்கை தந்ததும் உலகறிந்தவை. மின்நிலையங்கள் பழுதுற்று, 2023-ஆம் ஆண்டில் முந்நூறு நாளுக்கு மேல் முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்விளக்குக் கொடுத்த கட்சி, மின்விளக்கை அணைத்த கட்சியுமாயிற்று.

மனக்கசப்பு ஆளுவோரின்மேற் செல்லாதபோது அயலார்மேற் செல்கின்றது. இதுவே இக்கட்டுரையின் மிகக் கசந்த பகுதி. 2008 மே மாதத்தில், ஜிம்பாப்வே, மொசாம்பிக் முதலிய நாடுகளினின்றும் பிழைக்க வந்தோரை ஏழைக் குடியிருப்புக்களில் வாழ்வோர் தாக்கினர். மாண்டோர் 62 பேர். “எம் வேலையை அவன் கொண்டான்” என்பதே காரணமாகக் கூறப்பட்டது. வேலையை யாரும் கொண்டுசெல்லவில்லை, வேலையே இல்லை. ஆனால் ‘இல்லை’ என்பதைக் கைக்கோலால் அடிக்க முடியாது. அண்டை வீட்டானை அடிக்க முடியும்.

இனி இனாண்டாவுக்கு வருவோம். மண்டேலா வாக்களித்த பள்ளிக்கு அணித்தே, காந்தியடிகள் 1904-இல் நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு உளது. அதற்கும் அண்மையில், இனவாரிக் குடியேற்றச் சட்டத்தின்படி நகரினின்றும் பெயர்க்கப்பட்ட இந்தியர்க்கென 1970-ஐ அடுத்த ஆண்டுகளில் அரசு எழுப்பிய ஃபீனிக்ஸ் நகர் உளது. அங்கு வாழ்வோருட் பலர் தமிழ் வழியினர். கோவில்களில் தைப்பூசக் காவடி எடுப்பவர். சுற்றிலும் பம்பாயி, அமாவோத்தி முதலிய கறுப்பினத்தாரின் குடியிருப்புக்கள். இரு திறத்தாரையும் அருகருகே, ஆனால் கலவாதவாறு, நட்டுவைத்தது பழைய ஆட்சி. 1949 ஜனவரியில் டர்பனில் மூண்ட கலகத்தில் 142 பேர் மடிந்தனர். அதற்கு இரண்டாண்டு முன்னரே, இந்தியர் தலைவர்களாகிய டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதுவும், ஆப்பிரிக்கர் தலைவர் டாக்டர் சூமாவும் ஒன்றுபட்டு உழைப்பதென உடன்படிக்கை செய்திருந்தனர். தலைவர் ஒன்றுபட்ட செய்தி தெருவை எட்டுமுன் தெரு தீப்பற்றிற்று. 1985-இல் நேர்ந்த மற்றொரு கலகத்தில் காந்தியடிகளின் குடியிருப்பும் எரிந்தது.

2021 ஜூலையில், முன்னாள் அதிபர் நீதிமன்றத்தை அவமதித்த குற்றத்துக்காகச் சிறைபுகுந்தபோது, நேட்டாலிலும் ஜோஹானஸ்பர்க்கைச் சூழ்ந்த பகுதியிலும் கடைகள் சூறையாடப்பட்டன. 350-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதிபர்மேல் உள்ள அன்பே எல்லாரையும் தெருவுக்குக் கொண்டுவந்தது என்று எண்ணுதல் ஒவ்வாது. மாவு மூட்டையையும் குழந்தைப் பாலையும் தூக்கி ஓடிய மூதாட்டியர் அரசியல் பேசவில்லை. போலீஸார் பல இடங்களிற் காணப்படவில்லை. ஃபீனிக்ஸில் இந்தியர் தாமே தெரு முனைகளில் தடையிட்டுக் காவல் நின்றனர். தம் வீட்டையும் கடையையும் காத்தல் குற்றமன்று. ஆனால் அத்தடைகளில், வழிச்சென்ற கறுப்பினத்தாரைத் தோல் கண்டே மறித்தனர், அடித்தனர், சுட்டனர். அவ்வட்டாரத்தில் மாண்டோர் முப்பதின்மருக்கு மேற்பட்டவர். 1984-இல் “எம் அயலானுக்கு இல்லாதது எமக்கு வேண்டா” என்று வீட்டிலிருந்தவரின் மக்களும் மக்கள் மக்களும் இவர். வள்ளியம்மையின் பெயரை விழாக்களில் எடுத்தோதும் நாம் இதனையும் அறிந்திருத்தல் வேண்டும். அச்சம் அவர்க்கு உண்மையிலேயே இருந்தது. அயலாருக்கும் பசி உண்மையிலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய அரசு மட்டும் அன்று அங்கு இல்லை.

இத்துணையும் படித்தோர், ‘வெறுத்தொதுங்குதலே அறிவு’ என்று விடுதி நண்பர் கூறியது சரியே என்று கருதக்கூடும். டர்பன் நகரிலேயே வேறொரு வரலாறும் உண்டு. கிளேர் எஸ்டேட் என்னும் பகுதியில், நகரின் பெருங்குப்பைமேட்டை ஒட்டிக் கென்னடி ரோடு என்ற குடிசைப்பகுதி உளது. சுற்றிலும் இந்தியர் வீடுகள். ஆயிரக்கணக்கானோர்க்கு ஒருசில குழாய்களே, கழிப்பிடங்களும் அவ்வாறே. வீடு கட்டித் தருதற்கென அருகில் ஒரு நிலம் அவர்கட்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. 2005 மார்ச்சு மாதத்தில் அந்நிலத்தை இயந்திரங்கள் தோண்டக் கண்ட மக்கள், தம் வீடுகளுக்கே அடித்தளம் எடுக்கின்றனர் என எண்ணி மகிழ்ந்து சென்று வினவினர். செங்கற் சூளைக்காகத் தோண்டுகின்றோம் என்று விடை வந்தது. அதன்மேல் நூற்றுக்கணக்கானோர் நெடுஞ்சாலையை மறித்தனர், பதினால்வர் சிறைப்பட்டனர். அவ்வாண்டிலேயே ‘குடிசைவாசிகள்’ எனப் பொருள்படும் ‘அபாஷ்லாலி பாசெம்ஜொந்தோலோ’ என்ற சங்கம் தோன்றிற்று. தம் வட்டாரப் பிரதிநிதிக்குப் பொய்ச் சவப்பெட்டி சுமந்து சாவூர்வலம் நடத்தினர். 2006-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில், நிலமும் வீடும் இல்லையேல் வாக்கும் இல்லை என்று அறிவித்து ஒதுங்கினர்.

இங்குத்தான் யாம் முன் வினவிய வேறுபாடு தோன்றுகின்றது. இவர்கள் வாக்கை மறுத்தார்களேயன்றி அரசியலை மறுக்கவில்லை. வாரந்தோறும் கூடினர், ஒவ்வொரு குடிசைப் பகுதியிலும் தாமே பிரதிநிதிகளைத் தெரிந்தனர், பிள்ளைகட்குக் காப்பகம் நடத்தினர். குடிசைகளை அகற்றுமாறு நிலச்சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்த அதிகாரம் தந்த மாகாணச் சட்டத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். 2009 செப்டம்பரில் ஓரிரவு, ஆயுதந் தாங்கிய ஒரு கூட்டம் கென்னடி ரோட்டைத் தாக்கிற்று, இருவர் மாண்டனர், சங்கத்தாரின் வீடுகள் இடிக்கப்பட்டன, சிறைப்பட்டோரோ சங்கத்தாரே. (அவர் பன்னிருவரும் 2011-இல் விடுதலையாயினர்.) வீடிழந்து சிதறியிருந்த அடுத்த மாதமே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அச்சட்டத்தின் அப்பிரிவு செல்லாதென்று தீர்ப்பளித்தது. 1996-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு, அதனை எழுதிய கட்சியின் ஆட்சிக்கெதிராகவே, குப்பைமேட்டின் ஓரத்தாரைக் காத்தது. பின்னர் 2014-இல் இச்சங்கத்தார் தம் மாகாணத்தில் எதிர்க்கட்சிக்கு வாக்களிக்குமாறும் கூறினர். நண்பருட் சிலர் அதனைக் குறைகூறினர். மறுத்தலும் அளித்தலும் இரண்டும் கருவியென அவர் கொண்டனர் என்பதே எமக்குத் தோன்றுகின்றது. அதன் விலையோ பெரிது. இருபதுக்கு மேற்பட்ட தோழரைக் கொலைக்குப் பறிகொடுத்தோம் என்கின்றனர் அச்சங்கத்தார்.

ஆயின் வாக்களியாத கோடிக்கணக்கானோர் எல்லாரும் இவர் போன்றவர் அல்லர். பெரும்பாலோர் தனித்தனியே ஒதுங்கினர். 1984-இன் மறுப்புக்குக் கூட்டமும், பாட்டும், வீடுதோறும் சென்று பேசிய இளைஞரும் இருந்தனர். 2006-இன் கென்னடி ரோட்டுக்கு வாரக்கூட்டம் இருந்தது. தனியே கதவடைத்தவரின் மறுப்பை எண்ணுவார் இல்லை. எண்ணினும், அஃது உடன்பாடென்றே ஆளுவோர் எளிதிற் பொருள்கொள்வர். 2004-இல் நூற்றுக்கு 69 வாக்குப் பெற்ற ஆளுங்கட்சி 2024-இல் 40 ஆகச் சுருங்கி, பிறருடன் கூட்டமைச்சு நடத்த நேர்ந்ததென்பது மெய்யே. அதனை அந்நிலைக்குக் கொண்டுவந்ததில், கட்சி மாறி வாக்களித்தோர்க்கும், வாராதிருந்தோர்க்கும் பங்குண்டு. ஆனால் வாராதிருந்தோர் எதனை வேண்டினர் என்று கூட்டமைச்சில் ஒருவராலும் சொல்ல இயலவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லையன்றோ?

எம்மை ஒத்த அகவையினர் நிலை இன்னும் வேறு. பதினெட்டு, பத்தொன்பது அகவை உடையோருள் 2024-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பெயர் பதிந்தோர் மூவரில் ஒருவர்கூட இல்லை. இவர் எல்லாரும் 2004-இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர். 1994-இன் வரிசையைக் கண்டவரல்லர். பாட்டி சொல்லக் கேட்டவர். எதன்மேலும் இவர்க்கு நம்பிக்கை முறியவில்லை. முறிதற்கு முன்னே ஒன்று கட்டப்பட்டிருத்தல் வேண்டும். வேலையற்ற பேரனும் பள்ளி செல்லும் பேத்தியும் உள்ள பல வீடுகளில், மாதத் தொடக்கத்தில் பாட்டிக்கு வரும் முதியோர் உதவித்தொகையாலேயே உலை ஏறுகின்றது. தேர்தல் நாளன்று அம்மூதாட்டி விடியுமுன் எழுந்து, போர்வை போர்த்து, கோலூன்றிச் சாவடிக்குச் செல்கின்றாள். பேரன் உறங்குகின்றான்.